திருடர்கள் தொடாத கிண்ணம்

“அதுமேல உட்காராதீங்க சார். உள்ள ஒரு ராணி படுத்திருக்கா.”

வாய்தா மரப்பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தான். பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். “மன்னிச்சுக்கங்கம்மா. நாப்பத்தாறு வயசுக்கு இந்த உடம்பு கொஞ்சம் அதிகம்தான்.”

ராணி ஒன்றும் சொல்லவில்லை. மூவாயிரம் வருஷத்துச் சுடுமண் தலை அது. ஆறு வருஷம் கடல் கடந்து எவனோ ஒரு சீமானின் வரவேற்பறையில் குடியிருந்துவிட்டு, போன வாரம்தான் வைக்கோல் சுற்றி ஊர் திரும்பியிருந்தது. அதோடு இன்னும் நாற்பது பொருட்கள். தொல்பொருள் அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் அறையில் கால் வைக்க இடமில்லை.

வாய்தா முன்பு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். மனைவி போட்ட விவாகரத்து வழக்குக்குப் பதினோரு வாய்தா வாங்கினான். பன்னிரண்டாவது தேதிக்கு அவள் சலித்துப்போய் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயர் அப்படி ஒட்டியது. குமாஸ்தா வேலை போன பிறகு டீச்சரிடம் வந்து சேர்ந்தான்.

டீச்சர் நிஜமாகவே டீச்சர். இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். வினாத்தாள் திருட்டு ஒன்றைப் போலீசுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டு, பிள்ளைகளைவிடத் திருடர்கள் கவனமாகப் பாடம் கேட்கிறார்கள் என்று துப்பறியும் தொழிலுக்கு மாறிக்கொண்டார். இப்போது அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் ஊரில் கலவரம். நாலு நாள் ஊரடங்கு. யாரும் வேலைக்கு வரமுடியாத அந்த நாலு நாளில் அருங்காட்சியகத்தின் பின்கதவை உடைத்துத் திருடர்கள் உள்ளே போனார்கள். காட்சிக் கூடத்தில் அசலும் இருக்கும், அச்சு அசலாகச் செய்த நகலும் இருக்கும். எது எதுவென்று பார்வையாளனுக்குத் தெரியாது. திருடர்களுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்தோரு அசல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, நகல்களை ஒரு கீறல்கூட விழாமல் விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளேயிருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். போலீஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. மூன்றாம் நாள் காவலாளி எழுந்து நின்று, “நான்தாங்க சொன்னேன்” என்றார். பத்து வருஷம் போட்டார்கள். ஆறு முடிந்தது.

அவருடைய மகள்தான் பத்து நாள் முன்பு டீச்சரின் அலுவலகத்துக்கு வந்து மேஜைமேல் தலைகவிழ்ந்து அழுதவள். திருட்டு நடந்தபோது இதே அருங்காட்சியகத்தில் தட்டச்சுப் பெண். இப்போது பதிவேடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. “எங்கப்பா ஒரு எறும்பைக்கூட தாண்டித்தான் போவார் மேடம். அவரை வெளிய கொண்டுவாங்க” என்று அவள் சொன்னபோது வாய்தா மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷம் என்று சமாளித்தான்.

“இது என்ன?” என்றார் டீச்சர்.

மேஜைமேல் ஒரு கிண்ணம். காளையின் தலை வடிவம். கொம்பு இரண்டும் கைப்பிடி.

பெட்டிமேல் உட்காரக்கூடாது என்று சொன்ன ஆள் நிமிர்ந்தார். உடைந்த பானைகளை ஒட்டுவது அவர் வேலை. முப்பது வருஷமாக விரல் நுனியில் பசை காயாததால் எல்லோருக்கும் அவர் பிசின்.

“அது போகாத பொருள்மா. இங்கேயே இருந்தது.”

“நகலா?”

“சே! அசல். இந்தக் கூடத்துலயே விலைமதிப்பானது. அதை மட்டும் விட்டுட்டுப் போனாங்க மடப்பசங்க.”

அந்தக் கிண்ணத்தில் டீ குடித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்த வாய்தா, அவசரமாக டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

“விரல் அகல மணியைக்கூட அசல் பாத்து எடுத்தவங்க, இதை ஏன் விட்டாங்க?” என்றார் டீச்சர்.

“கிண்ணத்தோட நகல்தான் எப்பவும் கூடத்துல இருக்கும். அசல் பூட்டு அறையில. கலவரத்துக்கு மூணு நாள் முந்தி, கண்ணாடி துடைக்கறப்போ நகலோட கொம்பு உடைஞ்சுபோச்சு. புதுசு வார்க்கிற வரைக்கும் அசலையே வைன்னு அப்ப இருந்த இயக்குநர் சொன்னார். வச்சோம்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“சொல்லாம? அவங்க பட்டியலைப் பாத்து ‘கிண்ணம், நகல், இருக்கிறது’ன்னு எழுதிட்டாங்க. திருத்துங்க ஐயான்னேன். போகாத பொருளைப் பத்தி எங்களுக்கு என்னய்யான்னு கேட்டாங்க. அதுவும் நியாயம்தானேன்னு விட்டுட்டேன்.”

“பட்டியல்ல ஏன் நகல்னு இருந்தது? நீங்க மாத்தினதும் எழுத மாட்டாங்களா?”

பிசின் சிரித்தார். சுவரில் ஒரு நீள ஆணி. அதில் குத்தப்பட்ட காகிதச் சீட்டுகள். “ஒரு பொருளை நகர்த்தினா இந்தச் சீட்டு போடணும். யார் மாத்தினது, யார் தூக்கினது, யார் அனுமதிச்சது, மூணு கையெழுத்து. சீட்டு மாசம் பூரா இங்கதான் தொங்கும். ஒண்ணாந்தேதி மொத்தமா கீழ ஆபீசுக்குப் போகும். அப்பத்தான் பதிவேட்டுல ஏத்தி, பட்டியலைப் புதுசா அடிப்பாங்க. எங்க பட்டியல் மாசத்துல ஒரே ஒரு நாள்தான்மா உண்மை பேசும். முப்பது வருஷமா இதான் வழக்கம்.”

“அந்தச் சீட்டு?”

“அந்த ஒண்ணாந்தேதிக்கு ஆபீசே சீல் வச்சிருந்தது. யாரும் கேக்கலை. நானும் குடுக்கலை.” பிசின் ஆணியின் அடிவரை விரலை விட்டு, பழுப்பேறிய ஒரு துண்டை உருவினார்.

மாற்றியது என்ற இடத்தில் பிசினின் கோணல் எழுத்து. அனுமதித்தது என்ற இடத்தில் இயக்குநர். தூக்கியது என்ற இடத்தில் வட்ட வட்டமான, பள்ளிக்கூடப் பிள்ளை போன்ற கையெழுத்து.

“இது?”

“காவலாளிதான். எனக்கு முதுகு ஆகாது. அவர்தான் மாடி ஏறிக் கொண்டுபோய் வச்சார்.”

டீச்சர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அவர் கண்ணாடியை இறக்கினால் யாருக்கோ பூஜ்யம் விழப்போகிறது என்று அர்த்தம்.

சிறைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் வாய்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், காவலாளி காட்டிக்குடுத்திருந்தா கிண்ணம்தானே முதல்ல போயிருக்கும்? அது அசல்னு அவர் கைக்கே தெரியும். திருடனுக்குத் தெரியலைன்னா, சொன்னவங்களுக்கும் தெரியலை. அப்ப மனுஷன் நிரபராதி!”

“பரவாயில்லையே. பெஞ்சுமேல ஏத்த வேண்டாம்.”

“ஆறு வருஷமா இது யாருக்கும் தோணலையா?”

“கேள்வியைத் தப்பா கேட்டாங்க. எது அசல்னு யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. எல்லாருக்கும்தான் தெரியும். கிண்ணம் அசல்னு யாருக்குத் தெரியாதுன்னு கேட்டிருக்கணும். பிசினுக்குத் தெரியும். இயக்குநருக்குத் தெரியும். காவலாளிக்குத் தெரியும்.”

“அப்ப மிச்சம்?”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “மனுவை எழுது. மிச்சக் கணக்கை அப்புறம் போடலாம்.”

வாய்தா தொடையையே மேஜையாக்கி எழுதினான். முன்பு கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாகக் காவலாளி கையெழுத்துப் போட்டால் போதும், அந்தச் சீட்டை வைத்து வழக்கைத் திறந்துவிடலாம். பஸ் குலுங்கிய இடத்திலெல்லாம் ‘கனம் கோர்ட்டார்’ என்ற எழுத்துகளின் கால் ஒடிந்தது. அவன் கவலைப்படவில்லை. ஒரு மனுஷனை வெளியே கொண்டுவரப் போகிறோம். அவனுடைய பதினேழு வருஷக் குமாஸ்தா வாழ்க்கையில் எழுதிய மனுக்கள் எல்லாம் ஆட்களை இன்னும் கொஞ்சம் காத்திருக்க வைக்கத்தான் உதவியிருக்கின்றன.

சிறை வாசலில் சிமெண்டு பெஞ்சில் குடை பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். மாதம் ஒரு சந்திப்பு, அரை மணி நேரம், இரண்டு பேர். இந்த மாத முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். “எப்படியாவது பேசுங்க மேடம்” என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்ததாக டீச்சர் பின்னால் சொன்னார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர் வாய்தா நினைத்ததைவிடச் சின்ன உருவம். சட்டைக்குள் இன்னும் ஒருவர் உட்காரலாம்.

“காளைக் கிண்ணம் பத்திரமா இருக்குங்க” என்றார் டீச்சர்.

அந்த முகம் அப்படியே மலர்ந்தது. “இருக்கா? கொம்பு ரெண்டும் உடையாம இருக்கா? ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போனேம்மா, பொறந்த புள்ளையத் தூக்கற மாதிரி. ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு...” சட்டென்று நிறுத்தினார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார். “நகலுதானே அது. எனக்கென்ன தெரியும். நகல்னுதான் நெனச்சேன்.”

“நகலுக்கு யாருங்க ரெண்டு கை குடுப்பாங்க?” என்றான் வாய்தா. வலையின் கீழே இருந்த சந்து வழியாக மனுவைத் தள்ளினான். “இங்க ஒரு கையெழுத்து. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம். ரெண்டு மாசத்துல வெளிய வந்துடலாம் ஐயா.”

காவலாளி காகிதத்தை விரலால் அதே சந்து வழியாகத் திருப்பித் தள்ளினார்.

“நான்தான் செஞ்சேன். விடுங்க.”

“செய்யலைன்னு சீட்டு சொல்லுதே!”

“சீட்டைக் கிழிச்சுப் போடுங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

வாய்தா திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தான். பஸ்ஸில் போடாமல் விட்ட மிச்சக் கணக்கை டீச்சர் இப்போது போட்டார்.

“கலவரத்துக்கு முந்தின அந்த மூணு நாளும் உங்க பொண்ணு லீவுல இருந்தா. வருகைப் பதிவேட்டைப் பாத்தேன். பட்டியலை அடிக்கறவ அவ. கொம்பு உடைஞ்சது, அசலை வச்சது, எதுவும் அவளுக்குத் தெரியாது. போலீஸ் மூணாம் நாள்தான் ஆபீஸ் ஆளுங்களைக் கூப்பிட்டது. மூணாம் நாள்தான் நீங்க எந்திரிச்சீங்க.”

காவலாளி கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“அம்மா, அவ வெகுளிம்மா. எவனோ ஆராய்ச்சி பண்ற மாணவன்னு ஒருத்தன் ஆபீசுக்கு வந்து போயிட்டிருந்தான். கையில புத்தகம் வேற. பாடத்துக்குன்னு பட்டியலைக் கேட்டிருப்பான், இவ குடுத்திருப்பா. அதனாலதான் எல்லாம் போச்சுன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா. தாயில்லாத பொண்ணு. நாலு வருசம்தானே, ஓடிடும். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஐயா, நீங்களாவது சொல்லுங்க அம்மாகிட்ட.”

வாய்தா மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“எந்திரிக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்” என்று டீச்சர் எழுந்தார். வார்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் பதினேழு நிமிஷம்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மகள் எழுந்து வந்தாள்.

“அப்பா என்ன சொன்னார் மேடம்?”

“கையெழுத்துப் போட மாட்டாராம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். “அவர் எப்பவுமே பிடிவாதம்தான். நீங்க இவ்வளவு அலைஞ்சதே பெரிசு. இதோட முடிச்சுக்கலாம் மேடம்.”

வாய்தா அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். டீச்சர் முந்திக்கொண்டார்.

“ஏன் போட மாட்டேங்கறார்னு நீ கேக்கலையே?”

கைக்குட்டை நின்றது. எழுதாத பேனாவைக்கூட உதறிப் பார்த்து ஏன் என்று கேட்கிற உலகம் இது. அப்பா சிறையைவிட்டு வர மாட்டேன் என்கிறார். இவள் ஏன் என்று கேட்கவில்லை.

“ஒரு மாணவன் உன்னை ஏமாத்திட்டான்னு உங்கப்பா நம்பறார்” என்றார் டீச்சர். “நானும் நம்பத் தயார். வெயில்ல நின்னு சொல்றேன், நம்பிட்டுப் போயிடறேன். ஏமாந்துட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு.”

மகள் சிறை வாசலைப் பார்த்தாள். சந்திப்பு அரை மணியில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவது போலிருந்தது. பிறகு குடையை மடக்கினாள். அந்த முகத்தில் அழுததற்கான அடையாளமே இல்லை.

“மாணவனா? அவனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது மேடம். பட்டியலை நான்தான் வாசிச்சுக் காட்டினேன்.”

வாய்தா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“அந்த ஒரு கிண்ணம்தான் தப்பிடுச்சு. லீவு போட்டது என் முட்டாள்தனம்” என்று அவள் தொடர்ந்தாள், எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. “பொருளெல்லாம் திரும்பி வருதுன்னதும் கொஞ்சம் உதறல். எங்கயாவது நூல் தொங்குதான்னு பாக்கணும்ல? உங்களுக்கு முன்னால ரெண்டு பேரை வச்சுப் பாத்தேன். ஒருத்தரும் அந்தப் பிசின் ரூமுக்குள்ளயே போகலை. நீங்க கெட்டிக்காரங்க. ஆனா நூலை இழுக்க அப்பா விட மாட்டார். நான் சொன்னேன்னு நீங்க சொன்னா, இல்லைன்னு அழுவேன். நல்லா அழுவேன், பாத்திருக்கீங்களே.”

“அவர் உனக்காகத்தான் உள்ள இருக்கார்னு தெரியுமா உனக்கு?” வாய்தாவின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

“என் பேரைக் கூப்பிட்டாங்க சார். நான் எந்திரிக்கறதுக்குள்ள அவர் எந்திரிச்சுட்டார். பக்கத்து நாற்காலி. தெரியாம இருக்குமா?” அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “மாசம் ஒரு தடவை வர்றேன், அழறேன், அவருக்கும் சந்தோஷம். எங்கப்பா எனக்கு வாழ்க்கையில குடுத்த ஒரே உருப்படியான பொருள் அந்த வாக்குமூலம்தான் சார். அதைப் போய்த் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?”

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பேனாவை எடு, வாய்தா. மனுவுல இன்னும் ஒரு பத்தி.”

பெஞ்சிலேயே வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினான். மனுதாரரின் மகள், வயது 32, மேற்படி அருங்காட்சியகத்தில் அப்போது தட்டச்சராகப் பணிபுரிந்தவர், மேற்படி பட்டியலை... மகள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “சொல்லிப் பாருங்க. நம்ப மாட்டார்” என்று மட்டும் சொன்னாள்.

சிறைக் கதவுக்குள் நுழைந்ததும் வாய்தா நடையை நிறுத்தினான்.

“டீச்சர், வேண்டாம். நாலு வருஷம்தானே. பொய்யாவது அவருக்கு ஒரு பொண்ணு இருக்கா.”

“நாலு வருஷம் கழிச்சு அவ வீட்டுக்குத்தான் போவார். அங்க தெரிஞ்சா?”

“தெரியாமலே போகட்டுமே.”

“தப்பான விடைக்கு நான் மார்க் போட்டதில்லை.”

“கருணை மார்க்னு ஒண்ணு உண்டு டீச்சர்.”

“நான் போட்டதில்லை” என்று நடந்தார் டீச்சர்.

காவலாளி அதே இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. ஏழு நிமிஷம் இருந்தது.

டீச்சர் பரீட்சை முடிவை வாசிப்பது போலச் சொன்னார். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. வந்தவன் மாணவன் இல்லை. அவளே வாசித்துக் காட்டினாள். நீங்கள் ஏன் எழுந்தீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“எப்பயிருந்து?” என்றார் காவலாளி.

“நீங்க எந்திரிச்ச நிமிஷத்துலேர்ந்து.”

நம்ப மாட்டார் என்றுதான் வாய்தாவும் நினைத்தான். கத்துவார், காறித் துப்புவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தான். எதிர்பார்த்தான் என்ன, அப்படி நடக்காதா என்று ஏங்கினான்.

அவர் வலையில் ஒரு கம்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“மாசாமாசம் வர்றா. எழுபது எழுபத்தோரு தடவை வந்திருப்பா. ஏம்ப்பா இப்படிச் செஞ்சேன்னு ஒருநாள் கேட்டதில்ல. கேட்டா எனக்கு வலிக்கும்னுதான் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

வார்டர் இருமினார். அந்தப் பக்கம் எவரோ ஒருவர் எவருக்கோ பிள்ளையின் மதிப்பெண்களைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தத் தாளைக் குடுங்க.”

வாய்தா சந்து வழியாகத் தள்ளினான். காவலாளி முழுவதும் படித்தார். வட்ட எழுத்துக்காரர், ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து, உதடு அசைய. புதிதாக எழுதிய பத்திக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு நிமிஷம் இருந்தது.

“இது தப்பா இருக்குங்க ஐயா.”

“எதுங்க?” என்றான் வாய்தா. கிழித்துவிடப் போகிறார். கிழிக்கட்டும்.

“முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க. முப்பத்தொண்ணுதான். அடுத்த மாசம்தான் முப்பத்திரண்டு ஆகுது அவளுக்கு.”

பேனாவை வாங்கி அவரே இரண்டை அடித்து ஒன்றாக்கினார். அடியில் கையெழுத்துப் போட்டார். மடிக்காமல், ஓரம் கசங்காமல், திருப்பித் தள்ளினார்.

மணி அடித்தது. வாய்தா அந்தத் தாளைப் பார்த்தான். பதினேழு வருஷத்துக் குமாஸ்தாக் கண். கோர்ட்டில் இது இப்படியே போனால் திரும்பி வந்துவிடும். சொல்லாமல் இருக்க அவன் எவ்வளவோ முயன்றான்.

“ஐயா, திருத்தின எடத்துக்குப் பக்கத்துலயும் ஒரு கையெழுத்து வேணுங்க. இல்லைன்னா செல்லாது.”

“இங்கேயுமா?” என்று கேட்டுவிட்டு, மகளின் வயதுக்குப் பக்கத்தில் அவர் இன்னொரு கையெழுத்துப் போட்டார்.